அறிந்த சொல்லால் அறியாத சொல்: ஆங்கிலச் சொல்வளமும் வரைவிலக்கணமும்

ஆங்கிலம் கற்க முனையும் நம் மாணவரிற் பெரும்பாலோர் கைக்கொள்ளும் முறை ஒன்றுண்டு. பயிற்சிக் கொப்பியின் தாளை நடுவே கோடிட்டுப் பிரித்து, இடப்புறத்தில் ஆங்கிலச் சொல்லையும் வலப்புறத்தில் அதற்கு நிகரெனக் கருதப்படும் தமிழ்ச் சொல்லையும் எழுதி மனனஞ் செய்வதே அம்முறை. ஆண்டுக்கணக்காக இவ்வாறு கொப்பிகளை நிரப்பியவர்கள், ஆங்கில நூலொன்றின் முதற் பக்கத்திலேயே தடைப்பட்டு நிற்பதை நாம் காண்கின்றோம். அவர்தம் நினைவாற்றலையோ உழைப்பையோ குறைகூறுதல் பொருந்தாது. நடுவே இடப்பட்ட அந்தக் கோடு ஒரு சமன்குறியாக இயங்குவதே இடர்ப்பாட்டின் மூலம். இரு மொழிகளின் சொற்களும் ஒன்றுக்கொன்று சமம் என்னும் எண்ணத்தை அது கற்போர் மனத்திற் பதித்துவிடுகின்றது. சொல்லுக்கு நிகர்ச்சொல் கூறுவதற்கும் சொல்லின் பொருளை வரையறுத்துக் கூறுவதற்கும் இடையேயுள்ள வேறுபாடு யாது, அவ்வேறுபாடு ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க விரும்புவோருக்கு எவ்வகையிற் பயன்படும் என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

இது வெறும் கற்பித்தல் நுட்பம் பற்றிய வினாவன்று. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், அதனைத் தொடர்ந்து தாய்மொழி போதனாமொழியானமையும், கிராமப்புறத்து உழைக்கும் மக்களின் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாயில்வரை கொண்டுவந்து சேர்த்தன. 1960 களின் தொடக்கத்திலே கலைத்துறை வகுப்புகள் சிங்களத்திலும் தமிழிலும் நடைபெறலாயின. ஆயினும் நூலகத் தட்டுகளில் இருந்த நூல்கள் பெரும்பாலும் ஆங்கில நூல்களாகவே இருந்தன. மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளிற் போதனாமொழி ஆங்கிலமாகவே தொடர்ந்தது. இன்றும் அவ்வாறே உள்ளது. சிங்கள மாணவர் வழக்கில் ஆங்கிலத்துக்குக் 'கடுவ' என்றொரு பெயருண்டு. வாள் என்பது அதன் பொருள். வைத்திருப்பவன் வீசுவான், இல்லாதவன் வெட்டுப்படுவான் என்னும் அனுபவத்தை இதனினும் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. தமிழ் மாணவர் அச்சொல்லை வழங்காவிடினும் அது குறிக்கும் அனுபவம் அவர்களுக்கும் புதியதன்று. ஆங்கிலம் பேசும் நகர்ப்புறக் குடும்பத்திற் பிறந்த பிள்ளை, எவரும் கற்பிக்காமலே சொற்களை வீட்டிற் பெற்றுவிடுகின்றது. ஏனையோர் அவற்றை அகராதியிடமே கேட்டுப் பெறவேண்டியிருக்கிறது. ஆகவே, அகராதி எவ்வாறு எழுதப்பட்டுள்ளது, எத்தகையோர் அதனை வாசித்து விளங்கிக்கொள்ளக் கூடும் என்பன சமூக வினாக்களாகவும் அமைகின்றன.

ஈண்டு ஒரு தப்பெண்ணத்தை அகற்றுதல் வேண்டும். தமிழ்மொழி மூலம் உயர்தரம் பயின்று ஆங்கிலமொழி மூலப் பீடமொன்றுக்குச் செல்லும் மாணவரை வருத்துவன கலைச்சொற்களே எனப் பலரும் எண்ணுவர். உண்மையில் அவை விரைவில் வசப்படுவன. ஒட்சிசன் என்று கற்றவருக்கு அதன் ஆங்கில வடிவம் ஒரு நாள் வேலைகூட அன்று. ஒளித்தொகுப்பு, பிரசாரணம் முதலியனவும் அவ்வாறே. பொருள் முன்னரே தெரிந்திருத்தலின் பெயரை மாற்றிக்கொள்வது மட்டுமே எஞ்சும். கலைச்சொல்லைப் பொறுத்தவரை நமது கொப்பியின் சமன்குறி பெரிதும் செல்லுபடியாகின்றது. மாணவரை வழிமறிப்பன வேறு வகையைச் சேர்ந்த சொற்கள்: 'அசியூம்', 'டிறைவ்', 'சப்சிகுவன்ற்', 'நெக்லிஜிபிள்', 'றெஸ்பெக்ரிவ்லி' என்றாற் போல்வன. இவை எந்தத் துறைக்கும் தனியுரிமையானவை அல்ல. எந்தத் துறை நூலிலும் வருவன. கலைச்சொற்றொகுதிகள் இவற்றைத் தருவதில்லை. எல்லோருக்கும் தெரிந்தவையே என்ற எண்ணத்தால் விரிவுரையாளரும் இவற்றை விளக்குவதில்லை.

இவ்வகைச் சொற்களின் அளவை ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். நியூசிலாந்தின் அவெறில் கொக்ஸ்ஹெட் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்வித்துறைச் சொற்பட்டியல் இங்கு விதந்து கூறத்தக்கது. கலை, வணிகம், சட்டம், விஞ்ஞானம் ஆகிய நான்கு துறைகளின் எழுத்துகளிலிருந்து ஏறத்தாழ 35 இலட்சம் சொற்களைத் தொகுத்து ஆராய்ந்த அவர், அத்துறைகள் யாவற்றிலும் பரவலாகப் பயிலும் 570 சொற்குடும்பங்களை வேறாக்கினார். ஆங்கிலத்தின் மிகப் பொதுவான இரண்டாயிரம் சொற்குடும்பங்கள் அவ்வெழுத்துகளின் 76 வீதத்தை உள்ளடக்க, இந்த 570 மேலும் 10 வீதத்தை உள்ளடக்கின. நாவல் முதலிய புனைகதைகளிலோ இதே 570 சொற்குடும்பங்களின் பங்கு 1.4 வீதம் மாத்திரமே. ஆங்கில நாவல்களை வாசியுங்கள், சொல்வளம் தானே பெருகும் என நம் மாணவருக்குக் காலங்காலமாக வழங்கப்படும் அறிவுரையின் பெறுமதியை இவ்வெண்கள் கொண்டு அளந்துகொள்ளலாம். நாவல் வாசித்தல் நல்லதே. ஆனால் பாடநூலின் வாயிலைத் திறக்கும் சொற்கள் நாவலில் அரிதாகவே அகப்படும்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 'சிக்னிபிக்கன்ற்' என்பதற்கு எதிரே நமது கொப்பிகளில் 'முக்கியமான' என்று எழுதப்பட்டிருக்கும். செய்தித்தாள் வாசிப்போருக்கு அது போதும். புள்ளிவிபரவியலிலோ அச்சொல் வரையறுத்த பொருள் ஒன்றை உடையது. காணப்பட்ட வேறுபாடு தற்செயலால் மாத்திரம் விளைந்திருக்குமாயின் அது மிக அரிதாகவே நிகழக்கூடியது என்பதையே அது குறிக்கும். அவ்வேறுபாடு பெரிதா சிறிதா, நோயாளிக்குப் பயன்படுமா படாதா என்பது பற்றி அச்சொல் எதுவும் கூறாது. குருதியமுக்கத்தை மிகச் சிறிதளவே குறைக்கும் மருந்தொன்றைப் பல்லாயிரம் நோயாளரிடத்துப் பரிசோதித்தால், அச்சிறு குறைவும் 'சிக்னிபிக்கன்ற்' ஆகலாம். சமன்குறியை நம்பிய மருத்துவ மாணவர் அம்மருந்தை முக்கியமான மருந்தென விளங்கிக்கொள்வார். பிழை மொழிப்பாடத்தில் நிகழ்ந்தாலும் அதன் விளைவு மருந்துச் சீட்டுவரை செல்லக்கூடும்.

'கிறிற்றிக்கல்' என்னும் சொல்லும் இத்தகையதே. பௌதிகவியலில் அவதிக் கோணம் எனக் கற்றவர், இலக்கியத் திறனாய்விலும் அச்சொல்லைக் காண்கின்றார். நோயாளியின் நிலை ஆபத்தானது என்பதற்கும் அதுவே வழங்குவதைக் கேட்கின்றார். மூன்றையும் மூன்று தமிழ்ச் சொற்களாக மனனஞ் செய்வோருக்கு அவை தொடர்பற்ற மூன்று சுமைகள். தீர்ப்பளித்தல், பிரித்தறிதல் என்னும் அடிப்பொருளை விளங்கிக்கொண்டவரோ, நிலைமை இப்பக்கமா அப்பக்கமா எனத் தீரும் எல்லைப் புள்ளியே அவதி என்பதையும், நோயாளி நிற்பதும் அத்தகையதோர் எல்லையிலே என்பதையும், படைப்பைத் திறனாய்பவர் செய்வதும் பிரித்தறிந்து தீர்ப்பளித்தலையே என்பதையும் ஒன்றாகக் காண்பார். இந்த வசதியை நிகர்ச்சொல் தருவதில்லை, வரைவிலக்கணம் தரும்.

ஆனால் எந்த வரைவிலக்கணம்? ஆங்கில அகராதி வரலாறே இவ்வினாவுக்கு நீண்டதொரு விடை எனலாம். 1604 இல் றொபேட் கோட்றி என்னும் பள்ளியாசிரியர் வெளியிட்ட சிறு நூலே தனிமொழி ஆங்கில அகராதிகளுள் முதலாவதாகக் கொள்ளப்படுகின்றது. ஏறத்தாழ 2500 அருஞ்சொற்களுக்கு அது எளிய ஆங்கிலத்திற் பொருள் கூறிற்று. இலத்தீனும் கிரேக்கமும் கற்கும் வாய்ப்புப் பெறாத பெண்களுக்கும் பிறருக்கும் உதவும் பொருட்டே அதனைத் தொகுத்ததாக அவர் அதன் முகப்பிலே குறிப்பிட்டார். ஆகத் தொடக்கத்தில் அகராதி, கல்வி மறுக்கப்பட்டோருக்கான கருவியாகவே எண்ணப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டின் பின், 1755 இல், சாமுவேல் ஜோன்சனின் பேரகராதி வெளிவந்தது. நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களை ஏறக்குறையத் தனியொருவராகவே வரையறுத்த அவரது உழைப்பும், இலக்கியங்களிலிருந்து மேற்கோள் காட்டிப் பொருளை நிறுவிய அவரது முறையும் என்றும் போற்றத்தக்கன. ஓட்ஸ் தானியத்துக்குப் பொருள் கூறுமிடத்து, இங்கிலாந்திற் குதிரைக்கும் ஸ்கொட்லாந்தில் மக்களுக்கும் உணவாவது என எழுதி அண்டை நாட்டாரைச் சீண்டியதையும் நாம் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது வலைப்பின்னல் என்று பொருள்படும் 'நெற்வேர்க்' என்ற சொல்லை அவர் விளக்கிய விதமே. எந்தச் சிறுவனும் அறிந்த அப்பொருளை விளக்க 'றெற்றிக்குலேற்றெட்', 'டெக்கசேற்றெட்', 'இன்ரர்ஸ்ரிசஸ்' என்னும் இலத்தீன்வழிச் சொற்களை அவர் கையாண்டார். அகராதியைத் திறந்தவர் ஒரு சொல்லின் பொருள் தேடி வந்து, மூன்று சொற்களின் பொருள் தெரியாதவராக மீள்வார்.

இவ்விடர்ப்பாட்டைத் தமிழ் இலக்கண மரபு மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தமை வியப்புக்குரியது. தொல்காப்பியத்தின் உரியியல் அடிப்படையில் ஒரு பொருள்விளக்கப் பகுதியாகும். வெளிப்படையாக விளங்கும் சொற்களை எடுத்து விளக்கவேண்டியதில்லை என்றும், வழக்கிற் பயிலாதவற்றை ஏற்கெனவே பயின்றவற்றோடு சார்த்தியே உணர்த்தவேண்டும் என்றும் அதன் ஆசிரியர் வகுக்கின்றார். ஒரு பொருளுக்குப் பொருள் கேட்டு, அவ்விடைக்கும் பொருள் கேட்டுச் செல்லத் தலைப்பட்டால் அதற்கு முடிவே இராது எனவும் அவர் எச்சரிக்கின்றார். உணர்த்துவோர் வல்லவராயிற் பொருள் பிறழாது என்பதும், உணர்தல் உணர்வோரின் ஆற்றலைப் பொறுத்தது என்பதும் அவ்வியலிலேயே கூறப்படுகின்றன. ஆயினும் பின்னெழுந்த நிகண்டுகள் இந்நெறியில் வளரவில்லை. திவாகரமும் பிங்கலந்தையும் சூடாமணியும் சொல்லுக்குச் சொல் அடுக்கிச் செய்யுளாக்கின; மனனத்துக்கு அது வாய்ப்பாக அமைந்தது. 1732 இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி அகரநிரலைப் புகுத்தியபோதும், நிகர்ச்சொல் தரும் நிகண்டு முறை பெரிதும் தொடர்ந்தது. நம் மாணவரின் நடுக்கோட்டுக் கொப்பி இப்பழக்கத்தின் தொலைதூர வாரிசாக இருக்கக்கூடும் என்பது எமது ஊகம்.

பயிலாததைப் பயின்றது கொண்டு உணர்த்துக என்னும் விதியை ஆங்கில அகராதிக் கலை கண்டிப்பான ஒழுங்காக ஏற்றுக்கொண்டது இருபதாம் நூற்றாண்டிலேயே. அதுவும் ஒக்ஸ்போட்டிலோ இலண்டனிலோ தோன்றிய சிந்தனையன்று. வங்காளத்து வகுப்பறைகளில் உருவானது. இந்தியக் கல்விச் சேவையைச் சேர்ந்த மைக்கல் வெஸ்ற், டாக்காவின் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிற் பணியாற்றியபோது, வங்காளச் சிறுவர் ஆங்கிலத்தில் எதனை உண்மையிற் பெறுகின்றனர் என்பதை அளந்து பார்த்தார். இருமொழியம் பற்றி 1926 இல் வெளியான அவரது நூலில் ஆழ்ந்த கருத்தொன்று இடம்பெறுகின்றது. காப்புறுதிப் பத்திரத்தை இடைநடுவிற் கைவிடுவோருக்குத் திருப்பிக் கிடைக்கும் தொகை ஒன்றுண்டு. அதுபோல, படிப்பை இடைநடுவில் நிறுத்தும் பிள்ளை அதுவரை கற்றதிலிருந்து எதை எடுத்துச் செல்கின்றது என்பதே பாடத்திட்டத்தை மதிப்பிடும் அளவுகோல் என்று அவர் வாதிட்டார். பெரும்பாலான பிள்ளைகள் இடைநடுவில் நிற்கும் சமுதாயத்தில், இறுதிவரை செல்வோருக்காக மட்டும் வகுக்கப்பட்ட பாடத்திட்டம் ஏனையோரின் ஆண்டுகளைக் கொள்ளையிடுகின்றது. வெஸ்ற் குடியேற்ற ஆட்சியின் உத்தியோகத்தரே. அவர் கேட்ட கேள்வியோ குடியேற்ற ஆட்சி விரும்பிய கேள்வியன்று.

அக்கேள்வியின் விளைவுகளுள் ஒன்று, ஜேம்ஸ் எண்டிக்கொற்றுடன் இணைந்து அவர் 1935 இல் வெளியிட்ட புதுமுறை ஆங்கில அகராதி. ஏறத்தாழ 18,000 சொற்களும் 6,000 மரபுத்தொடர்களும் அதில் இடம்பெற்றன. அவையனைத்தும் 1,490 சொற்களை மட்டுமே கொண்டு விளக்கப்பட்டன. வரையறுக்கும் சொற்களின் தொகுதிக்கே எல்லை வகுத்தமைதான் இங்கு புதுமை. அந்த 1,490 சொற்களைக் கற்ற எவரும், ஆசிரியர் துணையின்றி, ஏனைய அனைத்தையும் தாமே திறந்துகொள்ளலாம். பொருளுக்குப் பொருள் கேட்டுச் செல்லும் முடிவிலாப் பாதைக்கு அத்தொகுதி ஒரு கரையாகிறது. ஆங்கிலத்தின் ஏறத்தாழ 2000 தலைச்சொற்களை நிரல்படுத்தி 1953 இல் வெஸ்ற் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியலே, மேலே நாம் குறிப்பிட்ட கொக்ஸ்ஹெட்டின் ஆய்வுக்கு அடித்தளமாயிற்று.

இதனோடு வைத்துக் குழப்பப்படுவது சி. கே. ஒக்டன் 1930 இல் முன்வைத்த 'பேசிக்' ஆங்கிலம். 850 சொற்களுள் 18 வினைச்சொற்களை மட்டும் வைத்து உலகப் பொதுமொழி ஒன்றை அமைக்கலாம் என்பது அவரது திட்டம். 1943 இல் ஹாவட் பல்கலைக்கழக உரையொன்றிலே சேர்ச்சில் அதனை ஆதரித்துப் பேசினார் என்பது அதன் அரசியலை ஓரளவு வெளிப்படுத்தும். வெஸ்ற் அத்திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தார். குறுகிய சொற்றொகுதியைக் கற்போரின் வாயிலாக அமைப்பது வேறு. அதனையே அவர்களது வீடாக்கி அதற்குள் அடைத்துவிடுவது வேறு. மேலும், வினைச்சொற்களைப் பதினெட்டாகக் குறைக்குமிடத்து, 'கெற்' என்னும் சிறுசொல்லுடன் 'அப்', 'ஓவர்', 'த்றூ' முதலியவற்றைச் சேர்த்து ஆக்கும் கூட்டுகள் பெருகுகின்றன. அவற்றின் பொருளை உறுப்புகளிலிருந்து ஊகித்தறிய முடியாது. சொற்களின் எண்ணிக்கை குறைந்ததெனினும் சுமை குறைந்ததாகாது.

வெஸ்ற்றின் நோக்கு வாசிப்பு. எழுதுவோரின் தேவையை நோக்கியவர் யப்பானிற் கற்பித்த ஏ. எஸ். ஹோன்பி. அவரும் துணைவர் இருவரும் தொகுத்த அகராதி 1942 இல், போர்க்காலத்தில், தோக்கியோவில் வெளிவந்தது. 1948 இல் ஒக்ஸ்போட் அச்சகம் அதனைத் தன் பெயரில் மீண்டும் வெளியிட்டது. வினைச்சொற்களை 25 வாக்கிய அமைப்புகளின்கீழ் வகுத்ததும், பெயர்ச்சொல் எண்ணத்தக்கதா அன்றா எனக் குறியிட்டதும் அதன் சிறப்புகள். இரண்டாவது குறிப்பின் அருமையை நம்மவர் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளிற் காணலாம். தமிழிலே சான்றுகள், தகவல்கள், உபகரணங்கள் எனப் பன்மை கூறுகின்றோம். ஆங்கிலத்தில் 'எவிடன்ஸ்', 'இன்பொமேசன்', 'எக்குவிப்மென்ற்' என்பன பன்மை விகுதி ஏற்பதில்லை. நிகர்ச்சொல்லை மட்டும் கற்றவர் இவற்றுக்கெல்லாம் பன்மை விகுதி சேர்த்துவிடுவார். 1978 இல் வெளியான லோங்மன் அகராதி வெஸ்ற்றின் முறையை மீண்டும் கைக்கொண்டு, ஏறத்தாழ 2000 சொற்களால் அனைத்தையும் விளக்கிற்று. பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோன் சின்கிளெயரின் தலைமையில் உருவாகி 1987 இல் வெளிவந்த கோபில்ட் அகராதி, வரைவிலக்கணத்தை முழு வாக்கியமாக எழுதி, விளக்கப்படும் சொல்லை அதன் இயல்பான சூழலிலே நிறுத்திக் காட்டிற்று. எமது நோக்கில் தொடக்க நிலையினருக்கு லோங்மன் முறையும், எழுதத் தொடங்கியவர்களுக்குக் கோபில்ட் முறையும் ஏற்றன.

இனி, தெரிந்த சொல் என்று நாம் கடந்து செல்லும் சொற்களைச் சற்று நோக்குவோம். தமிழ், மலையாள மொழிகளிலிருந்து ஆங்கிலம் கடன்பெற்ற சொற்களே நம்மை எளிதில் ஏமாற்றுவன. 'கொயர்' என்பது மலையாளத்துக் கயர் என்னும் சொல்லின் ஆங்கில வடிவம்; நமது கயிறும் அதன் இனமே. ஆதலால் 'கொயர்' என்பது கயிறு என எண்ணத் தோன்றும். அகராதியின் வரைவிலக்கணத்தை வாசித்தால் அது தேங்காய் மட்டையிலிருந்து பெறப்படும் நாரைக் குறிப்பது தெரியவரும். நமது வழக்கில் அது தும்பு. தும்பினாற் செய்த தடுக்கும் தூரிகையும் 'கொயர்' ஆனவை. நைலோன் கயிறு 'கொயர்' ஆகாது. சுருட்டிலிருந்து சென்ற 'செறூற்' என்பதும் அவ்வாறே. ஆங்கில அகராதிகள் இரு நுனியும் திறந்த ஒருவகைச் சுருட்டையே அச்சொல்லாற் குறிப்பன. எல்லாச் சுருட்டும் அதனுள் அடங்கா. சொல்லின் பிறப்பிடம் நம் வீடாயினும் அதன் பொருள் இப்போது வேற்றூர்வாசி.

மறுதலையாகத் தமிழ் நுட்பமாகப் பிரிப்பதை ஆங்கிலம் ஒன்றாக்கும் இடங்களும் உள. வாங்கிய பொருளையே மீளக் கொடுப்பது இரவல். வாங்கியதைச் செலவிட்டு அதற்கு ஈடானதைக் கொடுப்பது கடன். சிறுதொகையைச் சில நாட்களுக்கு வட்டியின்றிப் பெறுவது கைமாற்று. ஆங்கிலத்தின் 'பொறோ' இம்மூன்றையும் தழுவும். கொடுப்பவர் பக்கத்திலிருந்து நோக்கின் அச்சொல் பயன்படாது; 'லெண்ட்' என்றே கூறல் வேண்டும். தமிழிற் கடன் என்னும் ஒரே பெயருடன் வாங்கு, கொடு என்னும் வினைகளைச் சேர்த்துத் திசையைக் காட்டுகின்றோம். கடன் என்பதற்கு எதிரே 'பொறோ' என்று எழுதியவர், நண்பனுக்குப் புத்தகம் கொடுத்ததைக் கூற முயன்று வாங்கியதாகக் கூறிவிடுவது இதனாலேயே.

இவ்விடத்தில் ஒரு பயிற்சியை முன்மொழிய விரும்புகின்றோம். அதற்கான கருவி நம் தருக்க மரபிலேயே உள்ளது. சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்கசங்கிரகம் முதலிய நூல்வழிக் கல்வியில், வரைவிலக்கணத்துக்கு நேரும் குற்றங்கள் மூன்றெனப்படும். கூறவேண்டியவை அனைத்தையும் தழுவாமற் குறுகுதல் அவ்வியாத்தி. வேண்டாதவற்றையும் தழுவி விரிதல் அதிவியாத்தி. கூறப்படும் பொருளில் அறவே இல்லாததைக் கூறுதல் அசம்பவம். பசுவைக் கபில நிறமுடையது என்றால் முதற் குற்றம், கொம்புடையது என்றால் இரண்டாவது, பிளவுபடாத குளம்புடையது என்றால் மூன்றாவது. 'பொறோ' என்பதைப் பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறிப் பெறுதல் என ஒரு மாணவர் வரையறுத்தால், நூலகப் புத்தகம் அதற்கு வெளியே நின்றுவிடும், அது அவ்வியாத்தி. பிறரிடமிருந்து ஒன்றைப் பெறுதல் என்றால் நன்கொடையும் களவும்கூட உள்ளே வந்துவிடும், அது அதிவியாத்தி. பிறருக்கு ஒன்றைத் தற்காலிகமாகக் கொடுத்தல் என்றால் அது அசம்பவம்; 'லெண்ட்' என்பதன் பொருள் அது. கற்போர் முதலில் தாமே, தாம் அறிந்த எளிய ஆங்கிலச் சொற்களால், ஒரு வரைவிலக்கணத்தை எழுதட்டும். மற்றொருவர் அதனை இம்மூன்று குற்றங்களுக்கும் உட்படுத்திச் சோதிக்கட்டும். அதன் பின்னரே அகராதி திறக்கப்படல் வேண்டும். விடையைத் தேடி உழைத்தபின் காணும் வரைவிலக்கணம் வெறுமனே பிரதிபண்ணியதைப் போல் விரைவில் மறவாது. எழுதும் முயற்சியிலே ஐந்தாறு பழைய சொற்களும் புதுக்கப்படுகின்றன. ஒரு சொல்லைக் கற்கும் வேளையில் வரையறுக்கும் சொற்றொகுதியே உறுதிப்படுகின்றது என்பது இம்முறையின் மிகப் பெரிய இலாபம்.

தாய்மொழியை இம்முறை விலக்குவதன்று. ஆங்கில வகுப்பிலே தமிழ் பேசக்கூடாது என்னும் விதி, நேர்முறைக் கற்பித்தலின் பெயரால் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. அது கல்வியியற் கொள்கை என்பதிலும் பார்க்கத் தகுதிச் சின்னமாகவே பல பாடசாலைகளிற் பேணப்பட்டது. சொற்கல்வி பற்றி விரிவாக ஆராய்ந்த போல் நேசன் போன்றோர், தாய்மொழியில் ஒரு குறிப்பைப் பெறுவது சொல்லை முதன்முதல் மனத்தில் ஊன்றுவதற்கு மிகவும் பயன்படும் என்பதை வற்புறுத்தியுள்ளனர். இதனை நாமும் ஏற்கின்றோம். இரண்டாயிரம் சொற்களை எட்டாத ஒருவரிடம் ஆங்கில வரைவிலக்கணத்தைக் கொடுப்பது, ஜோன்சனின் வலைப்பின்னலை அவர் தலையில் வீசுவதற்கு ஒப்பாகும். அந்நிலைவரை தமிழ்ச் சொல்லே துணை. அதன் பின்னரும் தமிழ்ச் சொல் முதலிற் கைகாட்டலாம். எல்லை வகுக்கும் வேலையை வரைவிலக்கணத்திடம் விட்டுவிடுதல் வேண்டும்.

வரைவிலக்கணம் சமூகத்துக்கு வெளியே நின்று எழுதப்படுவதன்று என்பதையும் கூறவேண்டும். 'பரையா' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தற்கால அகராதிகள் சமூகத்தால் ஒதுக்கித் தள்ளப்பட்டவர் என்று வரையறுக்கின்றன. அனைத்துலக அரசியற் கட்டுரைகளிலே பிற நாடுகளால் விலக்கப்பட்ட அரசுகளுக்கும் இச்சொல் அடையாகின்றது. பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புடைய தமிழ்ச் சாதிப்பெயர் ஒன்றே குடியேற்றக் காலத்தில் ஆங்கிலத்துட் புகுந்து இழிபொருள் பெற்றது. வரைவிலக்கணத்தை மட்டும் வாசிப்போருக்கு இவ்வரலாறு தெரியவராது. பதிவின் ஓரத்திலுள்ள சொற்பிறப்புக் குறிப்பு வரை செல்வோருக்கே அது புலப்படும். தமிழர் ஒருவர் இச்சொல்லை ஆங்கிலத்திற் கையாளுமுன் அதன் பொருளோடு அவ்வொடுக்குமுறையின் வரலாற்றையும் அறிந்திருத்தல் அவசியம். சொல்லின் பொருள் சரியென்பதால் அதன் பயன்பாடு குற்றமற்றதாகிவிடாது. கற்றோர் சிலர் இதனைச் சற்றும் கூசாது தம் ஆங்கிலப் பேச்சில் வழங்குவதைக் காணும்போது, அவர்கள் கற்றது எதனை என்று கேட்கத் தோன்றுகின்றது.

போட்டிப் பரீட்சைகளை முன்னிட்டு விற்பனையாகும் சொல்வள நூல்களைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. எங்கும் வழங்காத அருஞ்சொற்களை அகரநிரலில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி பொருள் கூறுவன அவை. கோட்றியின் காலத்து அருஞ்சொல் மோகமே இங்கு அவரது நல்நோக்கம் இல்லாமல் மீள உயிர்பெற்றிருக்கின்றது. வாயாடியைக் குறிக்க ஐந்து சொற்களை அறிந்தும் 'றெஸ்பெக்ரிவ்லி' என்பதை விளங்கிக்கொள்ளாத மாணவர், அட்டவணையிலுள்ள மூன்று எண்களையும் மூன்று பெயர்களையும் முறையே பொருத்த இயலாது இடர்ப்படுவார். கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலிகளும் நமது கொப்பியின் நடுக்கோட்டையே மின்வேகத்தில் இட்டுத் தருகின்றன. அதே தொலைபேசியில் நல்ல கற்போர் அகராதிகளும் கிடைக்கின்றன. எதனைத் திறப்பது என்பது கற்போர் கையில்.

எச்சொற்களிலிருந்து தொடங்குவது என்னும் வினா எஞ்சுகின்றது. தம் பாடநூலிலிருந்தே தொடங்கலாம் என்பது எமது விடை. ஒரு அத்தியாயத்தை வாசிக்கும்போது இரண்டு தடவைக்கு மேல் எதிர்ப்பட்ட, கலைச்சொல் அல்லாத சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளவேண்டும். ஒருமுறை மட்டும் வந்து மறைந்தவற்றை விட்டுவிடலாம். கிழமைக்குப் பத்துச் சொற்கள் போதும். இவ்வேகத்திற் சென்றால் கொக்ஸ்ஹெட்டின் 570 சொற்குடும்பங்களும் ஓராண்டும் சில கிழமைகளும் கொண்ட காலத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் கொப்பியில் நான்கு வரிகள் தேவை: பாடநூலில் அது வந்த வாக்கியம், தாம் எழுதிய வரைவிலக்கணம், நண்பர் சுட்டிய குற்றம், அகராதியின் வரைவிலக்கணம். தமிழ்ச் சொல்லை விரும்பினால் ஓரத்திற் பென்சிலால் எழுதலாம். பின்னர் வேறோர் அத்தியாயத்தில் அதே சொல் வேறொரு பொருளில் வரும்போது, அழித்துத் திருத்துவதற்குப் பென்சில் வசதியானது.